பிள்ளையின் நெஞ்சும் பெற்றோர் கையொப்பமும்

(மதுரையில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)

 

பள்ளி என்னும் சொல் மதுரை மண்ணில் கல்லிலே வெட்டப்பட்டுக் கிடக்கின்றது. மேலூரை அடுத்த மாங்குளம் மீனாட்சிபுரத்து மலைமுழையில், ஏறத்தாழ 2,200 ஆண்டுகட்கு முந்தியதென அறிஞர் கணிக்கும் தமிழிக் கல்வெட்டொன்று உளது. நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி என்பான், கணிநந்தன் என்னும் சமணத் துறவிக்குப் பள்ளி கொடுப்பித்த செய்தியை அது கூறுகின்றது. அப் பள்ளி கல்விக்கூடம் அன்று. துறவியர் படுத்துறங்கிய கற்படுக்கை. படுக்கையைக் குறித்த சொல் பின்னர்த் துறவியரின் உறைவிடத்தையும், ஆங்குப் பிள்ளைகள் கூடிப் படித்தமையாற் கல்விக்கூடத்தையும் குறிக்கலாயிற்று. கீழக்குயில்குடிச் சமணர் மலையின் 9, 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியின் ஆசிரியரையும் அவர்தம் மாணாக்கரையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன.

ஆகவே, தமிழகத்தில் கல்வி சமயத்தின் மடியிலே வளர்ந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. சமணமும் பௌத்தமும் சிவனியமும் மாலியமும், பின்னர்க் கிறித்தவமும் இசுலாமும் தத்தம் பள்ளிகளை நடத்தின. ஆயினும், அப் பள்ளிகளுக்கு நெல்லும் நிலமும் அளந்தவன் வேந்தன். வேந்தனின் சமயம் மாறியபொழுது பள்ளி என்னாயிற்று? சமணத்தைத் தழுவியிருந்த பாண்டியன் சிவனியத்துக்கு மாறியபின் 8,000 சமணர் கழுவேறினர் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அது நடந்த வரலாறோ பிற்காலப் புனைவோ என்பது அறிஞரிடையே இன்றும் வழக்கிலுள்ள கேள்வி. அதற்குப் பின்னரும் முந்நூறாண்டுக் காலம் சமணப் பள்ளிகள் இம்மண்ணில் நின்றமைக்கு மேற்சொன்ன மலைக் கல்வெட்டுகளே சான்று. எவ்வாறாயினும், ஆளுவோன் சமயம் பள்ளியின் சமயமாகுமாயின் ஆளுவோன் மாறுந்தோறும் பிள்ளையின் நெஞ்சும் மாறவேண்டி வரும் என்பதை மதுரையைவிட நன்கறிந்த ஊர் தமிழகத்தில் இல்லை.

வேந்தன் போய்க் குழுமத்தார் ஆட்சி வந்தது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கக் கிறித்தவத் தொண்டர் மதுரைக்கு வந்தனர். அவர்கள் திருமங்கலத்தில் 1842இல் தொடங்கிப் பசுமலைக்குப் பெயர்த்த கல்விக்கூடமே இன்று நகருள் நிற்கும் அமெரிக்கன் கல்லூரியின் வேர். பிறர் தம் திண்ணையையும் மிதிக்கவொட்டாது தடுத்த பிள்ளைகட்கு அவர்கள் ஏடும் எழுத்தும் கொடுத்தனர். பெண்மக்களுக்குப் பள்ளி கண்டனர். இதனை மறைப்போன் நன்றி கொன்றோன். ஆனால், அப் பள்ளியிற் பிள்ளையைச் சேர்த்த பறையர் குடித் தாய்க்கு வேறு பள்ளி இருந்ததா? விவிலியம் படிக்கத் தம் மகனை விடுத்தாள் என்றால், அது அவள் விரும்பிக் கொடுத்த இசைவா, வேறு வாயில் அடைபட்டமையால் நேர்ந்ததா? இல்லாமையிற் பிறந்த இசைவு இசைவாகாது. அதற்குப் பழி, வாயிலைத் திறந்தவன்மேல் அன்று. மற்றை வாயில்களை அடைத்தவன்மேலேயே மிகுதியும் சாரும்.

இவ்வளவும் தனியார் பள்ளிகளின் செய்தி. அரசே நடத்தும் பள்ளிகளைப் பற்றிய வழக்கு 1846இல் சென்னையில் எழுந்தது. ஆளுநராயிருந்த துவீடேல் பெருமகன், அரசுப் பள்ளிகளில் விவிலியத்தை வகுப்பு நூலாக வைக்கலாம், விரும்பாதவர் வாராதிருக்கலாம் என்று முன்மொழிந்தார். நகர மக்கள் பெருங்கூட்டம் கூட்டி எதிர்த்தனர். காசுலு இலட்சுமிநரசுவின் செய்தித்தாள் அவ்வெதிர்ப்பின் குரலாய் நின்றது. மறு ஆண்டே இலண்டனிலிருந்த குழும இயக்குநர் அம் முன்மொழிவைத் தள்ளினர். விரும்பாதவர் வாராதிருக்கலாம் என்னும் அச் சொல்லை நெஞ்சில் இருத்துக. அதன் நச்சுப் பல் பின்னர்த் தெரியும். 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தம் சமயத்தைத் தம் பிள்ளைக்குக் கற்பிக்க விரும்புவோன் தம் செலவில் தம் பள்ளி காணவேண்டும் என்பது அவர்தம் வழி. குலவேற்றுமையை அவர் விடாது பற்றியிருந்தமை வேறு செய்தி.

இனி, இன்றுள்ள சட்டத்தைப் பார்ப்போம். அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் உறுப்பு இரண்டு வேறு வகைப் பள்ளிகளுக்கு இரண்டு வேறு நெறிகளை வகுத்துள்ளது. பெற்றோருள் மிகப் பலர் இவற்றை ஒன்றெனக் குழப்பிக்கொள்கின்றனர்; தலைமையாசிரியருள்ளும் சிலர் குழப்பிக்கொள்கின்றனர்.

முழுதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயக் கல்வி கூடவே கூடாது. இசைவு பெற்று நடத்தலாம் என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. தலைமையாசிரியர் ஒப்பினாலும், பெற்றோர் அனைவரும் ஒருங்கே கையொப்பமிட்டாலும் கூடாது. மாநகராட்சிப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, உசிலம்பட்டி செக்கானூரணிப் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஆகிய அனைத்தும் இவ்வகையின. அறக்கட்டளை ஒன்று சமயக் கல்விக்கென்றே நிறுவி அரசின் மேலாண்மையில் விட்ட பள்ளிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அஃது இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது வகை, அரசின் ஏற்பிசைவு பெற்ற பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும். கோயிலார் நடத்துவது, திருச்சபையார் நடத்துவது, பள்ளிவாசலார் நடத்துவது, செல்வர் நடத்துவது எல்லாம் இதனுள் அடங்கும். இங்குச் சமயக் கல்வி இருக்கலாம், வழிபாடும் இருக்கலாம். ஆனால், அதிற் பங்குகொள்ளுமாறு எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தல் ஆகாது. அகவை நிரம்பாத பிள்ளையாயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவு வேண்டும். இசைவு வாராதவரை இல்லை என்பதே பொருள். வாய் திறவாமை இசைவு ஆகாது.

இவ்வுறுப்பு 1948 திசம்பரில் அரசமைப்பு அவையில் ஆராயப்பட்டபொழுது அம்பேத்கர் காட்டிய கரணியங்கள் தெளிவானவை. எல்லாச் சமயத்தாரும் கொடுத்த வரியை ஒரு சமயத்தின் கல்விக்குச் செலவிடல் முறையன்று. சமயங்கள் பலவாதலின் எல்லாவற்றையும் கற்பித்தலும் இயலாது. ஒன்றோடொன்று மாறுபடும் சமயங்களைப் பள்ளிக்குள் விட்டால் அவற்றின் பூசலும் உடன்புகும்.

சட்டம் இவ்வாறிருக்க, 2024 ஆகத்துத் திங்கள் இறுதியில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேனிலைப் பள்ளியில் நடந்ததென்ன? தன்னம்பிக்கை உரை என்னும் பெயரில் மகாவிட்டுணு என்னும் பேச்சாளர் மாணவியரிடையே பேசவந்தார். வந்தவர் மறுபிறப்பைப் பேசினார். கையின்றியும் காலின்றியும் கண்ணின்றியும் பிறப்பது முற்பிறவித் தீவினையின் பயன் என்றார். அவ்வவையில் அப் பள்ளியின் தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் கண்பார்வை இல்லாதவர். எழுந்தார், அரசுப் பள்ளியில் இதனைப் பேச யார் இசைவு தந்தார் என்று கேட்டார். பேச்சாளர் அவரோடு வழக்காடிய காட்சி தமிழகம் முழுதும் பரவியது. முதலமைச்சர், பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புதிய நெறிமுறை வகுக்கப்படும் என்று அறிவித்தார். கல்வி அமைச்சர் அன்பில் மகேசு பொய்யாமொழி அப் பள்ளிக்கே சென்று அத் தமிழாசிரியரைப் பாராட்டினார். தலைமையாசிரியர் இடமாற்றம் செய்யப்பட்டார். பேச்சாளர் செப்டம்பர் 7ஆம் நாள் தளைப்படுத்தப்பட்டார்.

பேச்சாளர் சிறைப்பட்டதனால் நிறைவு கொள்வோர் உளர். அதில் நிறைவு கொள்ள ஒன்றுமில்லை. பொய் பேசும் வாய்கள் உலகில் என்றும் உண்டு. அவை தெருவிற் பேசட்டும். அரசுப் பள்ளியின் கதவு அவர்க்கு எவ்வாறு திறந்தது என்பதன்றோ கேள்வி? அம் மாணவியரின் பெற்றோருள் ஒருவரேனும் கேட்கப்பட்டனரா? கேட்கப்பட்டிருப்பினும் சட்டப்படி அது செல்லாது. எனினும் கேட்கும் எண்ணமே எவர்க்கும் எழவில்லை என்பது, ஏழை வீட்டுப் பிள்ளையின் நெஞ்சு பொதுப் புறம்போக்கு என்று எண்ணும் பழக்கம் எத்துணை ஆழத்தில் உள்ளதென்பதைக் காட்டுகின்றது.

முற்பிறவித் தீவினையால் உடற்குறை வரும் என்பாரை மதுரை அண்ணாநகருக்கு அழைத்துவரலாம். ஆங்கு அரவிந்து கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமியின் கைவிரல்கள் முடக்குநோயால் மடங்கிக் கோணியவை. அக் கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். வினைப்பயன் என்று கண்மூடி இருந்திருப்பின் தென்பாண்டிச் சிற்றூர்களில் எத்தனை முதியவர் இருளிலேயே மாண்டிருப்பர்! அவர் ஆழ்ந்த இறைப்பற்றாளர் என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். அவர்தம் பற்று அவரைப் பணிக்கு ஏவியது. பிறர் பிள்ளையின் நெஞ்சில் அச்சத்தை விதைக்க ஏவவில்லை.

இக் கேடு ஒரு சமயத்தாரிடம் மட்டும் உள்ளதன்று. 2022 ஏப்பிரலில் குமரி மாவட்டத்து அரசுப் பள்ளியொன்றில், மாணவியர்க்குக் கிறித்தவக் கருத்துகளை ஊட்டினார் என்னும் முறையீட்டின்பேரில் தையலாசிரியை ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அன்று கொதித்தோர் சிலர் 2024இல் வாய்மூடினர். 2024இல் கொதித்தோர் சிலர் அன்று வாய்மூடியிருந்தனர். தமிழுணர்வாளர்க்கு இவ்விரு நாவும் ஆகாது.

நடுவணரசின் கேந்திரிய வித்தியாலயப் பள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். அவை முழுதும் அரசுப் பணத்தில் நடப்பன. காலைக் கூட்டத்தில் மாணவர் கண்மூடிக் கைகூப்பி வடமொழி வழிபாட்டையும் இந்தி வழிபாட்டையும் ஓதுகின்றனர். இது 28ஆம் உறுப்புக்கு மாறானது என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2019 சனவரியில் உச்ச முறைமன்றம் பேரமர்வின் ஆய்வுக்கு விடுத்தது. மதுரையிலும் அத்தகைய பள்ளிகள் உள. தமிழ்ப் பிள்ளை, பொருளறியா மொழியில், தன் வீட்டார் தேர்ந்திலாத வழிபாட்டைச் செய்யும் நிலை இது. சமயத் திணிப்பும் மொழித் திணிப்பும் ஒரே வாயில் வழியே வருதலுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இங்குத் தமிழன்பர் சிலர் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. வடமொழி வழிபாடு ஆகாதாயின், தேவாரமும் திருவாய்மொழியும் தமிழாயிற்றே, அவற்றை அரசுப் பள்ளிக் காலைக் கூட்டத்தில் ஓதினாலென்ன என்பர். ஆகாது. மொழி தமிழாயிருத்தலால் வழிபாடு பாடமாகிவிடாது. தேவாரத்துக்கு உரிய இடம் தமிழ் வகுப்பு. அங்குச் சம்பந்தரும் ஆழ்வாரும் வருவர். உமறுப்புலவரின் சீறாப்புராணம் வரும். வீரமாமுனிவரின் தேம்பாவணி வரும். கிருட்டிணப்பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் வரும். இசுலாமிய மாணவன் தேவாரத்தின் சொல்லழகைக் கேட்பான். சிவனிய மாணவி சீறாவின் உவமையை வரைவாள். எவரும் கைகூப்ப வேண்டுவதில்லை. தமிழ் வகுப்பு நடத்தும் இவ்வரிய பணியை வேறெந்த வகுப்பும் நடத்தவில்லை என்பதைத் தமிழாசிரியர் பலர் தாமே உணர்ந்திலர்.

கற்பித்தலும் ஊட்டுதலும் வேறு வேறு என்பதைக் காண ஓர் அளவுகோல் உண்டு. வினைப்பயன் பேசிய அப் பேச்சாளர் ஒரு பக்கத்தையே பேசினார். வள்ளுவர் அறத்துப்பாலின் இறுதியில் ஊழை வைத்தார். பொருட்பாலில் ஆள்வினையுடைமையை வைத்தார். மதுரைக் கிளை உயர் முறைமன்றம் 2016இல் அறத்துப்பால் பொருட்பால் 108 அதிகாரங்களையும் 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளிற் கற்பிக்கப் பணித்த தீர்ப்பில் இவ்விரு அதிகாரங்களும் அடங்கும். இரண்டையும் எதிரெதிரே வைத்து, எது சரியென மாணவரையே எண்ணச் செய்பவர் ஆசிரியர். ஒன்றை மட்டும் வைத்து அஞ்சச் செய்பவர் ஆசிரியராகார்.

மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரும் இதனையே காட்டுகின்றார். மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் தானே சென்று, அவரவர் கொள்கையைக் கேட்டறிகின்றாள். அனைத்தையும் கேட்டபின்னரே அவள் தன் நெறியில் உறுதி கொள்கின்றாள். காப்பியம் பௌத்தக் காப்பியம்; ஆயினும், பிறர் நெறியை அவள் காதில் விழாமற் செய்ய அவர் முயலவில்லை.

இனி, உதவிபெறும் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் வருவோம். தமிழ்ப் பெற்றோர் இன்று செய்யவேண்டிய பணி அங்கேதான் மிகுதி. இசைவு என்பது எளிதாகத் தோன்றும். விரும்புவோர் கையொப்பமிடட்டும், விரும்பாதோர் விடட்டும் என்பர். துவீடேல் சொன்னதும் அதுவே. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துச் சாம்பெயின் நகரில் 1940 முதல் அவ்வாறே நடந்தது. பொதுப் பள்ளிக் கட்டடத்துள், வகுப்பு நேரத்திலேயே, கிறித்தவரும் யூதரும் தத்தம் சமய வகுப்பை நடத்தினர். பெற்றோர் கையொப்பமிட்ட அட்டை கொடுத்த பிள்ளைகள் மட்டும் அவற்றுக்குச் சென்றனர். மெக்காலம் என்னும் தாய் கையொப்பமிட மறுத்தார். என்னாயிற்று? வகுப்பே எழுந்து செல்ல, அவர் மகன் ஒருவன் தனியே அமர்த்தப்பட்டான். உடன்பயில்வோர் எள்ளினர். வழக்கு உச்ச முறைமன்றம் வரை சென்றது. 1948இல் எண்மர்க்கு ஒருவர் என்ற கணக்கில், பொதுப் பள்ளியில் அம்முறை செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. மறுக்கும் உரிமை தாளில் இருந்தது. மறுத்ததன் வலியைச் சுமந்தது பிள்ளை. நகரில் இவ்வாறாயின், ஒருவர் வீட்டில் உலை கொதித்தால் ஊர் முழுதும் அறியும் சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியில் எவ்வாறிருக்கும்?

ஆதலின், இசைவு மறுத்த பிள்ளைக்கு அந் நேரத்தில் வேறொரு நற்பணி வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். நூலகமோ, விளையாட்டோ, ஓவியமோ. தாழ்வாரத்தில் நிறுத்துவது ஒறுப்பாகும்.

அடுத்தது மொழி. ஆங்கிலவழிப் பள்ளிகள் பலவற்றில் சேர்க்கைப் படிவம் ஆங்கிலத்திலேயே உள்ளது. அதன் கடைசித் தாளில், பள்ளியின் நெறிமுறைகள் அனைத்துக்கும் உடன்படுகின்றோம் என்னும் பொருளுடைய ஒரு வரி இருக்கும். வயலிற் களையெடுத்துவிட்டு வந்த தாய் அதன் கீழ்க் கையொப்பமிடுகின்றாள். அவள் எதற்கு உடன்பட்டாள் என்பதை அவளும் அறியாள். கேட்டு எழுதிய எழுத்தரும் அறியார். படிக்க இயலாத தாளில் இட்ட கையொப்பத்தை இசைவு என்று எம் முறைமன்றத்தில் காட்டமுடியும்? பெற்றோர் இசைவு என்னும் உரிமை தமிழ்நாட்டில் உயிர்பெற வேண்டுமாயின் அது தமிழில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். சமய வழிபாடு ஒரு தனித்தாளாகவும், கட்டணமும் சீருடையும் வேறு தாளாகவும் இருத்தல் வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கத்தார்க்கு இது புதிதன்று. மக்கள் ரேகைச் சட்டம் என்றழைத்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின்படி விரல்வரி பதிய மறுத்து, 1920 ஏப்பிரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் சுட்டு வீழ்த்தப்பட்டவர்களின் வழிவந்தோர் அவர்கள். பாட்டன் தன் விரலை வெள்ளையனின் தாளில் வைக்க மறுத்தான். பேரன் படியாத தாளிற் கையொப்பமிடுகின்றான்.

பள்ளி திறக்கும் சூன் திங்களில், உதவிபெறும் பள்ளியிலோ தனியார் பள்ளியிலோ பிள்ளையைச் சேர்ப்போர் தனித்தாளில் தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுக்கலாம். பிள்ளையின் பெயரும் வகுப்பும், இப் பிள்ளை எவ்வழிபாட்டிலும் சமய வகுப்பிலும் கலந்துகொள்ள இசைவு இல்லை என்றோ, இன்னதற்கு மட்டும் இசைவு உண்டு என்றோ ஒரு வரி, அரசமைப்புச் சட்டம் 28(3) என்னும் எண், கையொப்பமும் நாளும். தம் சமயத்தையே தம் பிள்ளை கற்கட்டும் என்று விரும்பும் பெற்றோர்க்கும் இது பொருந்தும். அவர்தம் விருப்பத்தைத் தடுக்க எவர்க்கும் உரிமையில்லை. தாய் தந்தை இருவரும் கலந்து எழுதுதல் நன்று. எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளையாயின் அப் பிள்ளையையும் ஒரு சொல் கேட்டு எழுதுதல் அதனினும் நன்று.

அரசுப் பள்ளிப் பெற்றோர் அத்தகைய தாள் கொடுக்க வேண்டுவதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. வெளியார் எவர் பேச வந்தாலும் அவர் யார், எப் பொருள் பற்றிப் பேசுவார், யார் அழைத்தார் என்பது முன்னரே அக் குழுவில் வைக்கப்பட்டுக் குறிப்பேட்டிற் பதியப்படல் வேண்டுமென்று உறுப்பினரான தாய்மார் கேட்கலாம். கேட்பதற்கு எவர் இசைவும் வேண்டுவதில்லை. தனியார் பள்ளியில் தாள் கொடுப்போர் அதன் படியொன்றில் பள்ளி முத்திரையும் வாங்கியவர் கையொப்பமும் பெற்று வீட்டில் வைத்துக்கொள்க.